செல்போன் வகுப்பு

அரசாங்கத்தின் இலவச செல்போன் பயிற்சி மையத்துக்கு வெளியே தையல்காரர் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துகொண்டிருந்தார். உள்ளே அவர் மனைவிக்கு, மெசேஜ் படிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னைக்கு மட்டும் போகாதேன்னு கெஞ்சினேன். என் போனையும் எடுத்துக்கிட்டு வந்துட்டா,” என்றார்.

வாட்ச்மேன் சிரித்தார். “வீட்டுக்கு ஒருத்தர் கத்துக்கணும்னு சர்க்காரே சொல்லுது. உங்களுக்கு என்னண்ணே பயம்? போன்ல சின்ன வீடு ஏதும் இருக்கா?”

“அதுவா இருந்தா கால்ல விழுந்து சமாளிச்சிடுவேனே.”

வகுப்பு முடிந்து மனைவி வந்தாள். இரண்டு தெரு தாண்டியதும் சொன்னாள்.

“நம்ம பையன் பேரைத் திறந்து பாத்தேங்க. வெளிநாடு போய்ச் சேந்துட்டேன்னு ஒண்ணு அனுப்பியிருக்கான். ரெண்டு வருஷமா வேற எதுவுமே இல்லை.”

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ‘அம்மா மாத்திரை போட்டாளா’, ‘அம்மா கனவுல வந்தா’ என்று தினமும் சாயங்காலம் மகன் எழுதியதாக அவர் படித்துக்காட்டியதெல்லாம் அவரே தைத்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து போனை அவரிடம் நீட்டினாள்.

“எனக்கு எழுத்து சரியாத் தெரியலை. இன்னைக்கு என்ன எழுதியிருக்கான்னு நீங்களே படிங்க.”