ஒரே வயிற்றுப் பிள்ளைகள்

தாட்சாயிணியின் கையில் நர்ஸ் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றினாள். குச்சிக் கையில் அது வழுக்கி வழுக்கி இறங்கியது.

"காத்தடிச்சா பறந்துடுவா. இவளுக்குப் போய் நாளைக்கு ஆபரேஷனா?" மாமியார் சிவம்மா மூக்கைச் சிந்தினாள்.

கட்டிலருகே பைரேஷ் நின்றிருந்தான். தாட்சாயிணியோடு இரட்டையாகப் பிறந்தவன். மைசூர் தசரா குஸ்தியில் இரண்டு தடவை ஜெயித்தவன். அந்தச் சின்ன அறையில் பாதியை அவனே அடைத்திருந்தான்.

சிவம்மா கொடுத்த இளநீரைத் தாட்சாயிணி ஒரே மூச்சில் குடித்தாள்.

"நீயும் ஒண்ணு குடிப்பா," என்று சிவம்மா பைரேஷிடமும் ஒன்றை நீட்டினாள்.

"வேணாம்மா. எனக்கு ஆகாது."

டாக்டர் வசுந்தரா உள்ளே வந்தார். தாட்சாயிணியின் கணவன் மாதேஷ் அவரைப் பிடித்துக்கொண்டான். "முப்பத்திரண்டு வயசுல கிட்னி எப்படி டாக்டர் கெட்டுப்போகும்?"

"ரெட்டைக் குழந்தைல ஒண்ணு பொறக்கும்போது ஒண்ணரைக் கிலோதானாம், அவங்க அம்மா சொன்னாங்க. அப்படிப் பொறந்தா கிட்னியில ரத்தத்தை வடிகட்டுற சல்லடைங்க கம்மியா இருக்கலாம். இருக்கிறது எல்லா வேலையும் செஞ்சு தேயும். பிரஷர் ஏறும். ஏறின பிரஷர் கிட்னியை இன்னும் கெடுக்கும். முன்னாடியே பிரஷரைப் பார்த்திருந்தா தடுத்திருக்கலாம். யாரும் பார்க்கல."

"அதுக்கு இவ என்ன பண்ணுவா?" சிவம்மா மருமகளைப் பார்த்து விசும்பினாள்.

மாதேஷ் கட்டிலில் உட்கார்ந்தான். "டயாலிசிஸ்லயே ஓட்டலாம் தாட்சா. ரெண்டு பசங்க இருக்காங்க. உனக்கு ஏதாவது ஆயிட்டா?"

"ஆகாது."

"எங்க பேச்சுக்கு மதிப்பே இல்லையா?"

"இருக்கு. ஆனா உடம்பு என்னோடது. புருஷன் கோவிச்சுக்கிட்டார், மாமியார் அழுதாங்கன்னு இந்தக் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன்."

மாதேஷ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

டாக்டர் அவள் பக்கம் குனிந்தார். "கடைசியா கேக்கிறேன். உங்களை யாரும் கட்டாயப்படுத்தலையே?"

"நல்லா கேட்டீங்க! எல்லாரும் தடுக்கத்தான் பாக்கிறாங்க."

பைரேஷின் குரல் உடைந்தது. "அவங்க சொல்றதைக் கேளு தாட்சா. வீட்டுக்குப் போயிடலாம். எனக்குப் பயமா இருக்கு."

தாட்சாயிணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அடேய் ஒண்ணரைக் கிலோ பயில்வான், வாயை மூடிக்கிட்டு என் கிட்னியை வாங்கிக்கடா!"