லிஃப்டுக்குள் எடை

எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்குள் நுழையும்போதே அண்ணிக்காரிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கினாள்.

பின்னாலேயே நாத்தனார். அவளுக்கும் பின்னால், நடுவராக, அண்ணிக்காரியின் எட்டு வயது மகள்.

பந்தயம் மூன்று மாதப் பழசு. இன்றைக்கு யார் எடை குறைவோ அவளுக்கே வெற்றி.

இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ஆறாம் வகுப்பில் இவளுக்கு வைத்த 'பூசணி' என்ற பட்டப்பெயரை, இவள் தன் அண்ணனுக்கே மனைவியாக வந்து பத்து வருடமாகியும் நாத்தனார் விடவில்லை. மாமியார் முன்னால் பூசணி, விருந்தாளிகள் முன்னால் பூசணி. சிரித்து மழுப்பினாலும் அது அவளுக்கு வலித்தது. இவள் ஜெயித்தால் நாத்தனார் இனிமேல் வாய் நிறைய 'அண்ணி' என்று கூப்பிட வேண்டும்.

நாத்தனார் அறுபத்தொரு கிலோ என்று அவளே சொல்லியிருந்தாள். காலையில் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்ததில் இவள் அறுபத்துமூன்று.

நல்லவேளையாக, நேற்று மகள் ஒரு பாடம் நடத்தியிருந்தாள். பூமி நம்மை எப்போதும் ஒரே மாதிரிதான் இழுக்கிறது. மெஷின் காட்டுவது, அது நம்மை எவ்வளவு தாங்குகிறது என்பதைத்தான். லிஃப்ட் இறங்கத் தொடங்கும்போது காலடித் தரையும் சேர்ந்து கீழே நழுவுவதால் தாங்கல் குறையும். முள்ளும் குறைத்துக் காட்டும்.

“வீட்டுத் தரை மேடும் பள்ளமுமா இருக்கு, லிஃப்ட்ல பாத்துடலாம்” என்று இவள் சொன்னதும் நாத்தனார் மறுபேச்சில்லாமல் கிளம்பிவிட்டாள். ஏமாளி.

மெஷின்மேல் ஏறி நின்றாள். எட்டாவது மாடியிலிருந்து தரைத்தளத்துக்குப் பொத்தானை அழுத்தினாள்.

வயிறு ஜில்லென்று மேலே எழும்பியது. முள் சரசரவென்று இறங்கியது. ஐம்பத்தேழு.

“பாத்துக்க, நல்லா பாத்துக்க” என்று கூவியவள், முள் பழைய இடத்துக்குத் திரும்புவதற்குள் குதித்து இறங்கிவிட்டாள்.

நாத்தனார் பெருமூச்சு விட்டாள். “தோத்துட்டேன், அண்ணி.”

கதவு திறந்தபோது அண்ணிக்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை. வெளியே ஓடி, மகளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். “உங்க மிஸ்ஸுக்கு தேங்க்ஸ் சொல்லணும்டி” என்று கிசுகிசுத்தாள்.

“மிஸ் நடத்தலம்மா. அத்தைதான் சொல்லிக் குடுத்தாங்க. உன்கிட்ட அப்படியே சொல்லணும்னு ரெண்டு தடவை ஒப்பிக்க வச்சாங்க.”

லிஃப்டுக்காகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மூன்று பேர் காத்திருந்தார்கள். நாத்தனார் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் காதிலும் விழும்படி கூப்பிட்டாள்.

“சீக்கிரம் வாங்க, அண்ணி.”