மூடி

செவந்தியம்மாள் சாட்சிக் கூண்டில் நின்றாள். பல வருடம் வாழைத்தோப்புகளில் களைக்கொல்லி அடித்து, சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போன அவள் கணவன் காசிலிங்கம் வெளியே மரத்தடியில் படுத்திருந்தான். அந்த மருந்தைத் தயாரித்த கம்பெனியின் வக்கீல், முத்திரை உடைக்காத பாட்டில் ஒன்றையும் ஒரு ஜோடி ரப்பர் கையுறைகளையும் மேசைமேல் வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார்.

“உங்க வீட்டுக்காரர் மூடியைப் பல்லால கடிச்சுத்தானே திறப்பார்?”

ஆமாம் என்றால் தப்பு அவன் தலையில் விழும். நஷ்டஈடு கேட்டுப் போட்ட வழக்கு அதோடு போய்விடும். இல்லை என்று பொய் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

“கையுறை மாட்டினா மூடி வழுக்கும்யா. மாட்டாம தொடக்கூடாதுன்னு நீங்கதானே பாட்டில்ல போட்டிருக்கீங்க.”

“வழுக்குமா? சின்னப் பிள்ளைகூடத் திறந்துடும்மா. இப்பப் பாருங்க.”

நீதிபதி தலையசைத்தார். வக்கீல் கையுறைகளை மாட்டிக்கொண்டு திருகினார். மூடி அசையவில்லை. அங்கியில் துடைத்துவிட்டு மறுபடி திருகினார். ரப்பர் கீச்சிட்டதே தவிர மூடி சுற்றவில்லை.

“விட்டுடுங்க சார், அதுக்கெல்லாம் பழக்கம் வேணும்” என்றது பின்வரிசையில் ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. காது சிவந்துபோன வக்கீல் பாட்டிலை இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்து, தன்னை அறியாமல் மூடியை வாயருகே கொண்டுபோனார்.

சிரிப்பு நின்றது. நீதிபதியின் பேனாவும் நின்றது. ‘வேண்டாம்யா’ என்ற சொல் செவந்தியம்மாளின் தொண்டைவரை வந்தது. கூண்டின் கம்பியை இறுகப் பற்றியபடி அவள் அவருடைய பற்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.