வரவேற்பறை மரம்

சக்கரபாணிக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

"மேடம்" என்று எழுந்து நின்றார். காபி வரவழைத்தார்.

இதே கட்டடத்தில், இதே அறையில்தான் அவளை வேலையைவிட்டு அனுப்பினார். அன்று அவர் கண் முழுக்கக் கைபேசியில் இருந்தது. முகம் எப்படி நினைவிருக்கும்?

அதன்பிறகு அவள் வேறு கம்பெனி தேடவில்லை. தெரிந்த புரோகிராமிங்கை வைத்துக்கொண்டு, நடந்தால் அலையடிக்கும் தரை, தொட்டால் பூக்கும் சுவர் என்று செய்ய ஆரம்பித்தாள். பெயர் வந்தது. அந்தப் பெயரைத் தேடித்தான் இப்போது இவர்களே அழைத்திருந்தார்கள்.

"உள்ள வர்றவங்களுக்கு, இங்க எல்லாரும் ஒரே குடும்பம்னு தோணணும் மேடம்."

"தோணும் சார்."

வரவேற்பறைச் சுவர் முழுக்கத் திரை. திரையில் ஒரு வேப்பமரம். ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஓர் இலை. வாசலில் அடையாள அட்டையை வைத்தால் அவரவர் இலை துளிர்த்துப் பெயரோடு ஒளிரும்.

திறப்பு விழாவில் சக்கரபாணிதான் பலமாகக் கை தட்டினார்.

அட்டையை ரத்து செய்தால் இலை என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை.

அவளும் சொல்லவில்லை.

காத்திருந்தாள்.

மார்ச்சில் ஆட்குறைப்பு வந்தது. காலையிலேயே அவர் போன் செய்தார். குரல் உடைந்திருந்தது. அவள் நிதானமாகக் குளித்து, நல்ல புடவையாக எடுத்து உடுத்திக்கொண்டு போனாள்.

இலைகள் பழுத்துக்கொண்டிருந்தன. பெயரோடு, மெல்ல, எல்லோர் கண்ணெதிரிலும் உதிர்ந்தன. வேலைக்கு வந்தவர்கள் உள்ளே போகாமல் அப்படியே நின்றார்கள். எல்லோரும் திரும்பித் திரும்பிச் சக்கரபாணியைப் பார்த்தார்கள்.

"கெஞ்சிக் கேக்கறேன் மேடம். நிறுத்துங்க."

"மரம்னா உதிரத்தானே சார் செய்யும்?"

அவர் சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. அவள் ஆசை தீரப் பார்த்தாள்.

வாசலில் ஒரு பெண் அட்டையை வைத்தாள். உள்ளே போகும் கதவு திறக்கவில்லை. மறுபடி வைத்தாள். பிறகு நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள்.

'நசீமா பர்வீன்' என்ற இலை பாதி வழியில் இருந்தது.

அந்தப் பெண்ணிடம் இன்னும் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

சக்கரபாணி லிஃப்டுக்குள் போய் மறைந்தார்.

நசீமா திரும்பினாள். விழாவன்று ஓடிவந்து செல்ஃபி எடுத்துக்கொண்ட பெண்.

"அக்கா… இதையும் நீங்கதான் செஞ்சீங்களா?"

அவள் வாயைத் திறப்பதற்குள், மேலே அடுத்த இலை மஞ்சளாகத் தொடங்கியது.