மை வைத்த விரல்

என் வலது சுட்டுவிரல் சொன்ன கதை இது. பல வருடங்களாக எனக்கு இதில் சந்தேகம்தான்.

தேர்தல் அன்று இடது சுட்டுவிரலுக்கு மை வைத்தார்கள். அதன்பிறகு அது எந்த வேலைக்கும் வளையவில்லை. இடது காது அரித்தபோதுகூட, "அரசாங்கத்தையே அமைச்சவன் நான். காது குடையணுமா?" என்றது.

"பொத்தானை அமுக்குனது நான்தானேப்பா!" என்றது வலது விரல்.

"எங்கே, மையைக் காட்டு! ஓட்டுப் போடாதவனெல்லாம் நாட்டைப் பத்திப் பேசக்கூடாது. தேசத்துரோகி!"

உடனே கைகள் இரண்டும் தட்டின. வலது விரலும் சேர்ந்து தட்ட வேண்டியதாயிற்று.

நகம் வளர வளர, மை நுனிக்கு நகர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வலது கை நகவெட்டியை எடுத்ததும் இடது விரல் கெஞ்சியது.

"அண்ணே, மையை மட்டும் விட்டுடுங்க. அது போயிட்டா நான் யாரு?"

"பயப்படாதே. அடுத்த தேர்தல்லயும் உனக்குத்தான் வைப்பாங்க. நான் அமுக்கிக்கிறேன்" என்று சொல்லியபடியே வெட்டியதாம் வலது விரல்.

இவ்வளவு பெருந்தன்மையை நான் நம்பவில்லை. நேற்று, தெருவில் தேங்கிய சாக்கடைத் தண்ணீரில், செருப்பை அதே வலது விரலில் மாட்டிக்கொண்டு நடந்தபோது அதனிடம் கேட்டேவிட்டேன்:

"அன்னைக்கு அந்தப் பொத்தானை அமுக்கச் சொன்னது யாரு?"