ஹாலில் ஈரம்

மழை விட்டு வாரக்கணக்காகியும் எங்கள் ஹாலில் தினமும் காலையில் ஈரம் நின்றது. சாம்பியன் ரீப்ஸில், மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் பழைய தொழிலாளர் லைன் வீடு எங்களுடையது. என் வீட்டுக்காரர் வால்டர் கூரைத் தகரத்தை மாற்றினார், தரை விரிசலில் வாட்டர்ப்ரூஃப் சிமெண்ட் பூசினார். துடைத்துத் துடைத்து என் இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம்.

ஒருநாள் துடைக்காமல் நின்று பார்த்தேன். வாசலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் சேறும் தண்ணீருமாகப் பூட்ஸ் தடம். திரும்பிப் போன தடம் இல்லை.

எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. சுரங்கம் ஓடிய காலத்தில், ஷிப்டு முடிந்து வரும் அப்பாவை அம்மா ஒருநாளும் பூட்ஸோடு உள்ளே விட்டதில்லை. வாசலிலேயே வெந்நீர், சோப்பு, கால் துடைக்கக் கோணி எல்லாம் இருக்கும்.

சாயங்காலமே மூன்றையும் வாசலில் வைத்தேன்.

"இன்னா ஐடா, யாருக்கு இது?" என்றார் வால்டர்.

"ஷிப்டு முடிஞ்சி வர்றவங்களுக்கு."

காலையில் வெறுங்காலோடு ஹால் முழுக்க நடந்தேன். துளி ஈரமில்லை. பக்கத்து வீட்டு மங்கம்மாவைக் கூப்பிட்டுத் தரையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அப்படி ஒரு பெருமை எனக்கு.

வாசலில் வாளி காலியாக இருந்தது. கோணி சேறேறிக் கறுத்திருந்தது. முந்தின நாள்தான் பிரித்த சோப்பு, நகமளவுக்குத் தேய்ந்திருந்தது. வால்டர் அதைக் கையிலெடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"ஒருத்தர் குளிச்சா இவ்ளோ கரையுமா ஐடா?"

"கரையாது. வெந்நீர் இருக்குதுன்னு கீழ சுரங்கத்துக்குச் சேதி போயிருக்கும்," என்றேன். "இன்னிக்கி வாளி வேணாம். பரண்மேல இருக்கிற அண்டாவ எறக்குங்க."