நாலாவது பாட்டு

வாசல் மணி வீறிட்டதில் கை நழுவி, ஓரம் அடித்துக்கொண்டிருந்த சட்டையில் தையல் கோணிக்கொண்டு ஓடியது.

தையல்காரி மிஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். கூரியர்காரர் நீட்டிய கவருக்குள் சி.டி.

“இந்தக் காலத்துலயும் சி.டி.யாக்கா? கேக்க ஆள் இருக்கா?”

“இருக்காருப்பா, ஒருத்தர்.”

பாட்டுக்காரம்மாவின் புது ஆல்பம். இதுதான் கடைசி என்று அவரே பேட்டியில் சொல்லிவிட்டார்.

எழுபது வயதில் குரல் கரகரத்திருந்தது. அந்தக் கரகரப்பும் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது, மச்சானைக் கேலி செய்யும் பாட்டு. தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தாள். மூன்றாவது முடிவதற்குள் செல்போனைக் கையில் எடுத்துவிட்டாள்.

எந்த ஆல்பமானாலும் நாலாவது பாட்டில்தான் அந்தம்மா உயிரைக் கொடுத்துப் பாடுவார். சின்ன வயதில், பிஸ்கட் டின்னில் தாளம் போட்டபடி அண்ணன் கண்டுபிடித்தது அது.

அண்ணனோடு பேச்சு நின்று பதினோரு வருஷம். அம்மா இறந்த அன்று, பத்துப் பேர் முன்னால், ‘நீயெல்லாம் ஒரு அண்ணனா?’ என்று இவள்தான் கேட்டாள்.

அதற்குப் பிறகும் ஒன்று மட்டும் நிற்கவில்லை. புது ஆல்பம் வந்தால் இவள் போன் போடுவாள். அவர் எடுப்பார். ஹலோ கிடையாது. இவள் போனை ஸ்பீக்கர் பக்கம் பிடிப்பாள். அவர் நகத்தால் போனில் தாளம் தட்டுவார். பாட்டு முடியும், தட்டலும் நிற்கும். வைத்துவிடுவார்கள்.

போன வருஷம் தாளம் சற்றுத் தள்ளாடியது. வயதாகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

இனி ஆல்பம் கிடையாது. இன்றைக்கு விட்டால் போன் போடக் காரணமும் கிடையாது. பாட்டு முடிந்ததும் பேசிவிட வேண்டும்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

டொக், டொக்.

அண்ணன் வீட்டு வாசல்வரை வந்து திரும்பிப் போகும் தங்கையின் பாட்டு. ஆனால் தாளம் ஒட்டவே இல்லை. பாட்டு நின்று நின்று அழுதது. அவர் விரலோ கல்யாண ஊர்வலம் போல ஓடியது.

கேலி செய்கிறாரோ?

பாட்டு முடிந்தது. பிளேயரை நிறுத்தினாள்.

“அண்ணா... அன்னைக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. தப்புதான். ஒரு வார்த்தை பேசுண்ணா.”

டொக், டொக், டொக்.

கெஞ்ச வைக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு முறையும் கெஞ்சினாள்.

டொக், டொக்.

அந்தப் பக்கம் யாரோ படியிறங்கி ஓடி வரும் சத்தம். தட்டல் சட்டென்று நின்றது. அண்ணன் மகள், மூச்சு வாங்கப் பேசினாள்.

“அத்தை, அப்பாவுக்குக் காது கேக்காமப் போயி ரெண்டு வருஷமாச்சு. போனைக் கையிலயே வச்சிருப்பாரு, அதிர்ந்தா எடுப்பாரு. சொன்னா நீங்க போன் பண்றதை நிறுத்திடுவீங்கன்னு சொல்லவே விடல. போன தடவை நான் பக்கத்துல நின்னு, பாட்டு முடிஞ்சதும் தோளைத் தொட்டேன். இன்னைக்கு மாடியில துணி எடுக்கப் போயிட்டேன், அத்தை.”